சோகத்துக்கு ஒத்திகை

"அழாதய்யா! அழுதா எல்லாம் கெட்டுது."

நாடகக்காரர் போட்ட அதட்டலில் லாரிக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். கண்ணில் வெங்காயத்தைத் தேய்த்திருந்ததால் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"சோகம்னா அழ வேண்டாமா?"

"அழறவனுக்கு இன்னும் ஏதோ வேணும்னு அர்த்தம். உனக்கு எதுவுமே வேணாம். எங்கே, அந்த மூஞ்சியைக் காட்டு பார்ப்போம்."

லாரிக்காரர் காட்டினார். இஞ்சி தின்ற குரங்கு மாதிரி இருந்தது. டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

விஷயம் இதுதான். அந்த முதியோர் இல்லத்துக்கு அன்று மனநல ஆலோசகர் ஒருத்தி வருகிறாள். பெரியவர்களில் யாருக்கு மனச்சோர்வு, யாருக்கு எதிலும் நாட்டமில்லை என்று கேள்வி கேட்டு அளப்பாள். மார்க் அதிகம் வாங்குகிறவர்களுக்கு வாரா வாரம் வேனில் கடற்கரைப் பயணம். "நல்லா இருக்கிறவங்களுக்கு எதுக்குக் கடல்?" என்று மேனேஜர் கைவிரித்துவிட்டார்.

இல்லத்தின் கேட்டைத் தாண்டி மாதக்கணக்காகிவிட்டது. கடலைப் பார்ப்பதற்காக லாரிக்காரரும் டீச்சரம்மாவும் தையல்காரரும் எப்பேர்ப்பட்ட சோகத்துக்கும் தயாராக இருந்தார்கள். சோகம்தான் வந்து தொலைய மாட்டேன் என்றது.

அதனால், ஒரு காலத்தில் மேடையில் ராஜா வேஷம் கட்டியவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். முதலில் அவர் மசியவில்லை. நச்சரிப்பு தாங்காமல்தான் ஒப்புக்கொண்டார்.

"கேட்டதும் பட்டுனு பதில் சொல்லிடக் கூடாது. பதில் தெரியாம இல்ல, வாயைத் திறக்கணுமேன்னு இருக்கு. புரியுதா? டீச்சரம்மா, குளிச்சீங்களான்னு கேட்டா?"

"விடியும்போதே குளிச்சாச்சு."

"கிழிஞ்சுது! துண்டை எடுத்து மடியில வெச்சேன், மத்தியானம் வரைக்கும் அது மடியிலேயே இருந்துச்சுன்னு சொல்லணும்."

டீச்சரம்மா முணுமுணுத்து மனப்பாடம் செய்தார். தையல்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "எனக்கு என்ன வசனம்?"

"உனக்குப் போன். பையன் கூப்பிடறான். அது அடிச்சு ஓயற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன்னு சொல்லு. ஓய்ஞ்சதும் அப்பாடான்னு இருந்துச்சுன்னு சொல்லு."

"அடப்பாவி, பெத்த பிள்ளை போனையா?"

"எங்கேருந்துய்யா பிடிக்கிறே இதையெல்லாம்!" என்று லாரிக்காரர் வாயைப் பிளந்தார்.

"சும்மாவா, கைத்தட்டல் வாங்கின ஆளாச்சே," என்றார் டீச்சரம்மா. "நீங்களும் இதையே சொல்லிடுங்க. நாலு பேரும் ஒண்ணாப் போகலாம்."

"நீங்க போயிட்டு வாங்க. கடல் எங்கே போயிடப் போகுது," என்று நாடகக்காரர் கையை உதறினார்.

ஆலோசகர் வந்தாள். ஆபீஸ் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். டீச்சரம்மா உள்ளே போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. தையல்காரர் வெளியே வந்து கட்டை விரலை உயர்த்தினார். லாரிக்காரரோ பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

கடைசியில் நாடகக்காரர். தலையை வாரிக்கொண்டு, மேடை ஏறுகிற மிடுக்கோடு உள்ளே போய் உட்கார்ந்தார்.

"சாப்பாடெல்லாம் பிடிக்குதா சார்?"

"பேஷா! தட்டை மட்டும்தான் மிச்சம் வைக்கிறேன்."

"தூக்கம்?"

"படுத்தா கட்டைதான். பக்கத்து ரூம்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க, என் குறட்டையில அவர்தான் தூங்கறதில்ல."

"வாழ்க்கை எப்படிப் போகுது?"

"ராஜாவா நடிச்சேன், ராஜாவாவே இருக்கேன். அந்தப்புரம்தான் இல்ல!"

அவளும் சிரித்துவிட்டாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

"சார், வெளியே இருக்கிற மூணு பேருக்கும் ஒண்ணுமே இல்ல. லாரி ஐயா எதுலயும் ஆசையே இல்லன்னு சொல்லிட்டு, போகும்போது 'வேன்ல ஜன்னல் சீட் கிடைக்குமா'ன்னு கேட்டார்."

நாடகக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "சாயம் வெளுத்துப் போச்சா! தப்பு என் மேலதாம்மா. அவங்க பாவம், கடலைப் பார்க்கணும்னு உசுரை விடறாங்க. நீ நினைச்சா ஏதாவது பண்ண முடியுமா?"

"மேனேஜர்கிட்ட நான் பேசறேன். வேன்ல இடம் நிறைய இருக்கு. சிரிக்கிறவங்களும் போகட்டும்."

"நீ நல்லா இருக்கணும் தாயி!"

அவர் கும்பிட்டுவிட்டு எழுந்தார். கதவின் கைப்பிடியில் கை வைத்தபோது அவள் மறுபடியும் கேட்டாள்.

"அவங்க சொன்ன பதிலெல்லாம் எந்த நாடகத்துல வரும் சார்?"

"நாடகமாவது! ஒவ்வொரு வரியும் சொந்தச் சரக்கும்மா," என்று அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, காலியாகக் கிடந்த நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.

"உங்களுக்கு இது எவ்வளவு நாளா சார் இருக்கு?"