பங்களா நூல்

ராஜகுமாரியின் குற்றங்களைச் சங்கத் தலைவர் லிங்கசாமி வரிசையாக அடுக்கினார். முந்தி நடந்தது முன்னால், பிந்தி நடந்தது பின்னால். வரிசை தப்பினால் அவருக்குப் பிடிக்காது.

"ஒண்ணு, வேலைநிறுத்தம் நடக்கும்போது துரை பங்களா கேட்டுக்குள்ள போனது. ரெண்டு, அங்க உக்காந்து கம்பளி நூல் சுத்திக் குடுத்தது. மூணு, அந்த நூலையும் ஊசியையும் லயத்துக்கே கொண்டாந்தது. நாலு, ஃபேக்டரி வாசல்ல எல்லாரும் கையத் தூக்கிக் கோஷம் போட்டப்ப, இவ கையில பின்னல் இருந்தது."

"வாய் கோஷம் போட்டுச்சுங்கண்ணே" என்றாள் ராஜகுமாரி.

யாரோ சிரித்தார்கள். லிங்கசாமி திரும்பியதும் சிரிப்பு நின்றது.

தேயிலை எஸ்டேட் நிர்வாகம் மூடிப்போட்ட பிள்ளைக் காப்பகத்தில்தான் கூட்டம். சங்கத்தை விட்டு நீக்கினால், நாளையிலிருந்து லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் அவளோடு பேச மாட்டார்கள். குழாயடியில் குடம் வைக்க இடம் கிடைக்காது. அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவரே லிங்கசாமிதான்.

தன் வீட்டுக்கும் அவர் விலக்குத் தரவில்லை. போன வருஷம் மறியலைப் பிளந்துகொண்டு துரையின் ஜீப்பை ஓட்டிய டிரைவர் விஜயனை, மகள் ரேணுகா கட்டிக்கொண்டு பங்களாவுக்குப் பின்னால் குடிபோனாள். அன்றே இதே இடத்தில், "எனக்கு மகள் இல்லை" என்று அறிவித்தார். அப்புறம் அந்தப் பெயரை அவர் காதுபட யாரும் எடுப்பதில்லை.

"சொல்லு தங்கச்சி. ஊசி பிடிக்கக் கத்துக் குடுத்தது துரையம்மாதானே?"

"இல்லண்ணே. ஒருத்திக்குப் பேச்சுத் துணையாப் போனேன். சும்மா உக்காந்திருக்கமேன்னு நூல் பிடிச்சேன். அப்புறம் ரெண்டு வரி போட்டுப் பாத்தேன், கோணலா வந்துச்சு. பிரிச்சேன், திரும்பப் போட்டேன். இப்ப விட முடியல. கொழுந்து பறிச்ச கையில்லையா? வேலைநிறுத்தம்னா அதுக்குப் புரிய மாட்டேங்குது."

"யாரு அந்த ஒருத்தி?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."

பேச்சி எழுந்தாள். "நான் சொல்றேன் தலைவரே. துரையோட பேரன் வந்திருக்கான். அவனுக்குத்தான் பின்னுறா. நம்ம பிள்ளைங்க பனியில நடுங்குதுங்க, இவ பங்களாப் பிள்ளைக்குப் போத்தி விடுறா!"

கூட்டம் இரைந்தது. லிங்கசாமி ராஜகுமாரியின் பையை எடுத்தார்.

"அண்ணே, நீக்கணும்னா நீக்கிடுங்க. நான் ஒத்துக்கிறேன். பைய மட்டும் திறக்காதீங்க."

அவர் திறந்தார். உள்ளே ஒரு ஸ்வெட்டர். பொம்மைக்குப் பின்னியது போல அவ்வளவு சின்னது. மாதம் நிறையும் முன்பே பிறந்த குழந்தைக்குத்தான் பொருந்தும். மார்பில் சிவப்பு நூலால் ஒரு பெயர், எழுத்துகள் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்க வரவில்லை.

"சிவப்புகூட நம்ம கொடிகிட்ட இருந்து திருடினதா?" என்றவர், அதைச் செயலாளர் பாலகுமாரிடம் நீட்டினார். "நம்ம லயத்துல தலைப்பேரனுக்குத் தாத்தா பேரு வைப்போம். துரைமாரு என்ன பேரு வைக்கிறாங்கன்னு கேப்போம். அழகையா, பேச்சி, நீங்க ரெண்டு பேரும் சாட்சி. வாசி பாலா."

பாலகுமார் பார்த்தான். ராஜகுமாரியைப் பார்த்தான். ஸ்வெட்டரை மடிக்கப் போனான்.

"வேணாம் தலைவரே."

"என்ன வேணாம்? என் சங்கத்துல ஒளிவு மறைவு கிடையாது. யாரு வீட்டு விஷயமா இருந்தாலும் சபையில வந்தாகணும். கடைசி ஆளுக்கும் கேக்கணும். வாசிடா!"

பாலகுமார் எழுந்து நின்று, கடைசி ஆளுக்கும் கேட்கும்படி வாசித்தான்.

"லிங்கசாமி."