அவர் கூப்பிடும் விதம்

ஆராதனை முடிந்த ஆலயத்தில் மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சன்னல் கண்ணாடியின் நீல வெளிச்சம் கடைசி பெஞ்சில் விழுகிறது. அங்கே உட்கார்ந்து பாட்டுப் புத்தகங்களை அடுக்கும் தையல்கார அம்மா, வாசலில் செருப்பு மாட்டும் போதகரைக் கேட்கிறாள்: "ஐயா, பரலோகத்துல எங்க வீட்டுக்காரரு என்னை அடையாளம் கண்டுக்குவாரா?" வாரம் ஒரு கேள்வி கேட்பவள்தான், உபவாசத்தில் காபி குடிக்கலாமா என்பது போன வாரக் கேள்வி. போதகர் ஒற்றைச் செருப்போடு நிற்கிறார். "கல்லறைத் தோட்டத்துல மரியாள் இயேசுவைத் தோட்டக்காரர்னுதான் நெனச்சா. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிஞ்சுக்கிட்டா. அப்படித்தாம்மா." அவள் ஒரு புத்தகத்தின் மடிந்த மூலையைக் கட்டைவிரலால் நீவி நிமிர்த்துகிறாள். "அவரு ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையே ஐயா. எப்பவும் 'இந்தா'தான். கடையடைச்சுட்டு வந்ததும் வாசல்லயே 'இந்தா'ம்பாரு. அடுப்பை அணைச்சுட்டு ஓடுவேன்." போதகர் மாட்டிய செருப்பையும் கழற்றிவிடுகிறார். மின்விசிறியின் நிழல் பெஞ்சுகளின் மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியே வண்டியைக் கிளப்பிய யாரோ ஒருவர், படியில் பேசிக்கொண்டு நிற்கும் தன் மனைவியை அழைக்கிறார்: "இந்தா, போலாமா?" உள்ளே இவள், "இதோ வந்துட்டேன்" என்று எழுந்தே விடுகிறாள்.