தப்பான சுரம்

மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பாட்டு டீச்சருக்குச் சந்தேகம் வலுத்துக்கொண்டே போனது. உள்ளே அவள் மகளுக்கு இசை சிகிச்சை தருகிற பெண் இன்றும் அதே தாலாட்டைப் பாடினாள். அதே இடத்தில் சுரம் பிசகியது.

"இவங்க நிஜமாவே படிச்சவங்கதானா?" என்றாள் பக்கத்திலிருந்த கணவனிடம்.

"புள்ள சிரிச்சுக்கிட்டுத்தானே வெளிய வர்றா? விடு."

"முதல்ல சரியாத்தான் பாடினாங்க. இப்ப ஏனோதானோன்னு பாடுறாங்க. நம்ம தலையில நல்லா மிளகாய் அரைக்கிறாங்க."

மறுபடி அதே பிசகு. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று டீச்சர் கதவைத் தள்ளினாள். அவள் வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"தப்பு."

மகள்தான். ஐந்து வயதாகியும் 'அம்மா' என்றுகூடச் சொன்னதில்லை அவள்.

"இதுக்காகத்தான் இவ்வளவு நாளா தப்பாப் பாடினேன்" என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "சரியாப் பாடினா பேசாம கேட்டுக்கிட்டே இருந்துடுவா."

மாணவர்களின் ஒரு பிசகைக்கூட மன்னிக்காத டீச்சர், மகளருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு தடவை தப்பாப் பாடுங்கம்மா."