கூழுக்குள் ஒரு மூச்சு
கண்ணாடித் தொட்டிக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கேழ்வரகுக் கூழ் போலத் திரண்டு, குமிழியிட்டபடியே உறங்கின. சமையல் எரிவாயுவைத் தின்று வளர்பவை அவை. இரண்டு வருடமாக அவற்றை வளர்த்து வருபவள் எஸ்தர். அவை தின்றது போக, உள்ளே போன வாயுவில் பாதி கணக்கில் வரவில்லை. தொட்டி கசிகிறது, திறந்து கொட்டிவிட வேண்டியதுதான் என்று பொறியாளர் தணிகாசலம் வால்வில் கை வைத்துவிட்டார்.

"கசியல சார். வாயு எவ்வளவு கரையும்னு நீங்க கணக்குப் போட்டது தெளிஞ்ச தண்ணிக்கு. இது தண்ணியா?"

"எல்லாரும் அப்படித்தாம்மா போடுறோம். காணாமப் போனத உன் பிள்ளைங்க மடியில கட்டி வெச்சிருக்குதுங்களா?"

"ஆமா சார்."

அவள் இரண்டு ஜாடிகளை எடுத்தாள். ஒன்றில் அதே வாயுவைக் குடித்த தெளிந்த தண்ணீர், மற்றதில் கூழ். இரண்டின் வாயிலும் ரப்பர் கையுறையை மாட்டி வெந்நீரில் இறக்கினாள். தண்ணீர் ஜாடியின் கையுறை துவண்டே கிடந்தது. கூழ் ஜாடியில் முதலில் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு மோதிரவிரல், தூக்கத்தில் யாரையோ தேடுவது போல. சூடு ஏற ஏற, கொழுப்புத் தோலுக்குள் பொத்தி வைத்திருந்த வாயுவை அந்த உயிர்கள் மெல்ல விட, ஐந்து விரலும் விரிந்து, வெளுத்த ஒரு கை இருவருக்கும் நடுவே எழுந்து நின்றது.

"ஒரு ஜாடிக்கே இவ்வளவா?"

"தொட்டி முழுக்க இப்படித்தான் சார்."

தணிகாசலம் வால்வை விட்டார். பிறகு, யாரும் சொல்லாமலே, தன் உள்ளங்கையை விரித்து அந்தக் கையின்மேல் வைத்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது.