பதினேழாம் சீட்டுக்காரர்

"நான் யாருன்னு தெரியுமாய்யா உனக்கு?"

வில்லியனூர் இன்சூரன்ஸ் ஆபீசில் மேசையை ஓங்கித் தட்டினார் சவரிராயன். மை பாட்டில் ஒரு குதி குதித்தது.

மேனேஜர் நிதானமாகப் பாட்டிலை மூடினார். "தெரியலீங்களே. நான் இந்த ஊருக்கு வந்து ரெண்டு மாசந்தான் ஆகுது."

"கரிக்கலாம்பாக்கத்துல போய்க் கேளு. கூலிக்காரனுக்காக ஆறு தடவை ஜெயிலுக்குப் போனவன்."

பின்னால் நின்ற அமிர்தம், "அண்ணே, வாங்க. வூட்டுக்குப் போவலாம்" என்றாள்.

"நீ சும்மா இரு. பயந்து பயந்துதான் நம்ம சனம் நாசமாப் போச்சு."

விஷயம் இதுதான். போன செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஊரிலிருந்து ஸ்பெஷல் பஸ் விட்டான் அல்போன்ஸ். ஆளுக்கு ஒரு ரூபாய் கூட வாங்கிப் பயண இன்சூரன்சும் கட்டியிருந்தான். சீர்காழி தாண்டி பஸ் கவிழ்ந்தது. அல்போன்ஸ் அன்றோடு தலைமறைவு. அமிர்தத்தின் புருஷன் இன்னாசிமுத்து அங்கேயே போய்ச் சேர்ந்தான். பத்தாயிரம் ரூபாய் வரவேண்டும். கம்பெனி கையை விரித்துவிட்டது.

"ஏன்யா தர மாட்டீங்க?"

"பட்டியல்ல இன்னாசிமுத்துன்னு பேரே இல்லீங்க."

"பேர் இல்லாதவன் பஸ்ஸுல எப்புடிய்யா செத்தான்? நான் மாதாவையும் நம்பாதவன், கோயிலையும் நம்பாதவன். மேடை போட்டே சொல்றவன். ஆனா நம்பிப் போனவன் செத்தா, அவன் பொண்டாட்டி காசை உங்கள முழுங்க வுட மாட்டேன்!"

மேனேஜருக்குக் கோபம் வரவில்லை.

"பதினேழாம் சீட்டுக்குப் பேர் கொடுத்தவர் வரல. வழியனுப்ப வந்த இன்னாசிமுத்து, சீட்டு காலியா இருக்குன்னு ஏறிட்டாராம். 'நான் போகல, என் சீட்டுல போனது இவர்தான்'னு அந்த ஆளு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். நானே மேல அனுப்பிப் பணத்தை வாங்கித் தரேன். போன மாசம் இந்த அம்மாகிட்டப் பேரைப் படிச்சிக் காட்டினேன். ஆளைத் தெரியாதுன்னுட்டாங்க."

சவரிராயன் திரும்பினார். "இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

அமிர்தம் முந்தானையை முறுக்கினாள். "எதுக்குண்ணே. அந்த ஆளுக்கு இன்னா சங்கடமோ."

"ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கினு கஞ்சிக்கு அலையற. உனக்கு அவன் சங்கடம் பெரிசாப் போச்சா? ஒரு வரி எழுதத் துப்பில்லாத கோழைப் பய எவன்? பேரைச் சொல்லு, கழுத்தைப் புடிச்சி இழுத்தாந்து இங்க உக்கார வைக்கிறேன்!"

"வேணாண்ணே."

"காட்டுய்யா அந்தப் பட்டியலை!"

மேனேஜர் ஃபைலைத் திருப்பி வைத்தார். சவரிராயன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை ஓட்டினார். பதினாலு, பதினைந்து, பதினாறு...

பதினேழு: சவரிராயன், கரிக்கலாம்பாக்கம்.

விரல் அங்கேயே நின்றது.

மகளுக்கு வலிப்பு நிற்காமல் இழுத்த சமயம் அது. ஒருவருக்கும் தெரியாமல் அல்போன்சிடம் பேர் கொடுத்திருந்தார். பயணத்துக்கு முந்தின நாள், கோயில் வாசலில் தன் கூலிச் சங்கத்து ஆட்கள் நிற்பதைப் பார்த்ததும், தான் பஸ் ஏறுவதைப் பார்த்துவிடுவார்களே என்று கூசிப்போய், பேரை அடித்துவிடச் சொல்லிவிட்டார். பட்டியல் அதற்கு முன்பே இன்சூரன்சுக்குப் போயிருந்தது.

"தெரிஞ்ச ஆளுங்களா?" என்றார் மேனேஜர், பேனாவை எடுத்தபடி.

சவரிராயன் ஃபைலை மூடினார்.

"இதெல்லாம் வெறும் கண்துடைப்பு. திங்கக்கிழமை உங்க ஆபீஸ் வாசல்ல மறியல்!" குரல் முன்னைவிட ஓங்கி வந்தது.

"மறியல் எதுக்குங்க? அந்த ஆளு எங்க இருக்காருன்னு சொன்னாலே போதும், நானே நேர்ல போய்க் கேக்கறேன்."

அமிர்தம் அப்போதுதான் முன்னால் வந்தாள். சவரிராயனைப் பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலையாதீங்க சார்" என்றாள். "அந்த ஆளு செத்துட்டாருன்னு எழுதிக்குங்க."