சூடேறாத தட்டு

மார்ச் பதினொன்று, காலை பத்தே கால். கருத்தரிப்பு ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில், புற்றுநோய் சிகிச்சைக்கு முன் ஒருவர் சேமித்து வைத்த விந்தணுவின் கடைசிக் குழல் உருக்கப்பட்டிருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு அவர் உடலில் விந்தணு சுரக்கவில்லை. மனைவியிடமிருந்து எடுத்த மூன்று முட்டைகள் பக்கத்தில், உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டியில் இருக்கின்றன. டாக்டரம்மா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெள்ளை வட்டத்துக்குள் விந்தணுக்களின் வால்களெல்லாம் நீண்டு கிடக்கின்றன. "ஒண்ணுகூட அசையலண்ணே." நிமிடம் தவறாதவர் என்பதால் 'கடிகாரம்' என்று பேர் வாங்கிய உதவியாளர் அருகில் வருகிறார். "செத்துப்போச்சுன்னு அவசரப்பட்டு எழுதிடாதீங்கம்மா. தட்டு சூடா இருக்கா?" டாக்டரம்மா மணிக்கட்டை நுண்ணோக்கியின் தட்டில் வைக்கிறார். சில்லென்றிருக்கிறது. இருவரும் சுவரைப் பார்க்கிறார்கள். தட்டின் பிளக் தரையில் கிடக்கிறது. அது இருந்த இடத்தில் கடிகாரத்தின் கைபேசி சார்ஜர். "பாவி, நான்தாம்மா," என்கிறார் கடிகாரம். "உங்கள அப்புறம் திட்டிக்கிறேன். முதல்ல மாட்டுங்க." தட்டின் ஓரத்தில் வெப்பம் காட்டும் சிறு திரையில் இருபத்து நான்கு டிகிரி, இருபத்தெட்டு, முப்பத்து மூன்று. முப்பத்தேழில் ஓரத்து வால் ஒன்று துடிக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. டாக்டரம்மா உதட்டை மடித்துக்கொண்டு எண்ணுகிறார். அசைபவை நான்கு. மூன்று முட்டைகளிலும் ஒவ்வொன்றாக ஊசியால் செலுத்துகிறார். மறுநாள் காலை பார்க்கும்போது ஒரு முட்டை கருவுற்றிருக்கிறது.