மந்திரி கல்

எந்தக் கூட்டத்தில் பேசினாலும் ரகுபதி அநியாயங்களை வரிசை மாறாமல்தான் சொல்வார்.

முதலாவது, மாடி வீடு தருகிறோம் என்று அடையாற்றுக் கரைக் குடிசைகளைப் பிரித்தார்கள். இரண்டாவது, அந்த மாடி வீட்டுக்கு ஜல்லி உடைக்கக் குடிசைப் பெண்களையே அரைக் கூலிக்கு உட்கார வைத்தார்கள். மூன்றாவது, சாரம் சரிந்து விழுந்து அவருடைய அம்மா செத்தபோது, செண்பகம் என்று யாருமே வேலைக்கு வரவில்லை என்று சாதித்தார்கள். நான்காவது, கூலிக்கு விலைபோன ஒரு கல்தச்சன் திறப்பு விழாக் கல்லில் மந்திரி பேரை மட்டும் வெட்டினான்.

இப்போது அந்தக் கட்டடமே இல்லை. இடித்துப் போட்ட காங்கிரீட்டை, சங்கிலிச் சக்கரத்தில் வந்திறங்கிய கிரஷர் மென்று, கம்பியைத் தனியாக, தூளைத் தனியாக, ஜல்லியைத் தனியாகத் துப்பிக்கொண்டிருந்தது. அந்த ஜல்லிதான் புது வீடுகளுக்கு அஸ்திவாரம்.

பழைய குடித்தனக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்து நின்றார் ரகுபதி.

"பாய், மந்திரி கல்ல மொதல்ல உள்ள போடு. அது பொடியாவுறத எல்லாரும் பாக்கணும்."

கிரஷர் ஓட்டும் ஷாஹுல் ஹமீது தலையைச் சொறிந்தார். "அது மட்டும் வேணாம் நைனா. ஓரமா எடுத்து வெச்சிக்கீறேன்."

"ஏன், மந்திரி உனக்கு மாமனாரா?"

கூட்டம் சிரித்தது.

ஷாஹுல் மிஷினை அணைத்தார். "மந்திரி யாருன்னே எனக்குத் தெரியாது. செவுத்துக்குள்ள இருந்த பக்கத்தப் பாரு. அப்புறமும் போடுன்னா போட்டுர்றேன்."

நாலு பேர் சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள். பின்பக்கம் காரை அப்பிக் கிடந்தது. நடுவில் மட்டும் ஷாஹுல் கழுவி வைத்திருந்தார்.

ரகுபதி குனிந்தார். முன்பக்கம் வெட்டிய அதே உளி, அதே எழுத்து. சுவருக்குள் போனால் யார் கண்ணிலும் படாது என்று தெரிந்தே வெட்டியது.

இத்தனை வருடம் மேடைக்கு மேடை அந்தக் கல்தச்சனைத் திட்டித் தீர்த்ததை நினைத்துக்கொண்டார். தன்னையறியாமல் சிரித்துவிட்டார்.

"இன்னாண்ணே, தனியா படிச்சிக்கினு கீற?" என்றாள் பக்கத்து வீட்டு அன்புச்செல்வி. "சத்தமா படி. நாங்க அத்தினி பேரும் சாட்சி."

ரகுபதி நிமிர்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

"இங்கு வேலை செய்து மாண்டவள் செண்பகம்."